கஞ்சி மடிப்பு

மாலை ஆறு மணிக்கு உணவறைக் கதவு திறக்கும். கால் மணி நேரம் முன்பே வெளியே வரிசை சேர்ந்துவிடும். கதவுக்கு இடப்புறம் உயரமான சிறு மேசை, அதன்மேல் இருக்கைப் பட்டியல். மேசைக்குப் பின்னால் திரை மறைவில் ஒரு கம்பி. அதில் பத்துப் பன்னிரண்டு கறுப்புக் கோட்டுகள், கீழே ஒரு பெட்டி நிறைய டை. எல்லாம் இரவல் கொடுக்க வைத்திருப்பவை. மார்பளவு வாரியாக அடுக்கி வைப்பேன். வருகிறவர் பத்தடி நடப்பதற்குள் அவருக்கு எந்த அளவு சேரும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும். வரிசையின் நடுவில் ஒருவரை நிறுத்தி, "உங்களுக்கு என்ன அளவு?" என்று கேட்டால் அந்தக் கேள்வியே அவரைக் கூனிக் குறுக வைத்துவிடும்.

1989 முதல் 2015 வரை பயணியர் கப்பல்களில் வேலை பார்த்தேன். முதலில் பாத்திரம் கழுவும் இடம். பிறகு உதவி வெயிட்டர், வெயிட்டர், ஹெட் வெயிட்டர். கடைசி ஒன்பது ஆண்டுகள் உணவறை வாசல் என் பொறுப்பு. இப்போது இடப்பள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறேன். கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலர் வாரத்தில் இரண்டு நாள் வருவார்கள். டை முடிச்சு, தட்டு பிடிப்பது, மேசை விரிப்பு மாற்றுவது எல்லாம் முன்னறையிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் மறக்காமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்கிளே, ஷார்ட்ஸ் போட்டுட்டு வந்தா உள்ள விடணுமா, வேண்டாமா?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல இன்றும் என்னால் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஃபோர்ட் கொச்சியில், வெளி என்கிற பகுதியின் மைதானத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து மட்டாஞ்சேரி நடக்கிற தூரம்தான். டச்சுக்காரர்கள் 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைப் பிடித்தார்கள். அவர்களுடைய சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்ச் சீமையிலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழி வந்தவர்கள் நாங்கள். டச்சுக்காரர்கள் போனார்கள், 1795இல் ஆங்கிலேயர்கள் வந்தார்கள், அவர்களும் போனார்கள். துவைகல்லும் தமிழும் எங்களோடு தங்கிவிட்டன. 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் வெளிப் பகுதியில் ஒரு தோபிகானா, அதாவது சலவைக்கூடம், கட்டிக்கொடுத்தது. குடும்பத்துக்கு ஒரு துவைப்புத் தொட்டி. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பின்பக்க மைதானத்தில் முறுக்கிய கயிறு கட்டியிருக்கும். துணிக்குக் கவ்வி போட மாட்டோம். கயிற்றின் முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் அசையாது.

சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஒரு சொட்டு நீலம் கலந்து, சட்டையை முக்கிப் பிழிந்து காயவைப்பார் அப்பா. காய்ந்ததும் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைப்பார். அந்த ஈரம் உள்ளே ஊறிய பிறகுதான் தேய்ப்பு. சிரட்டைக்கரி போட்ட பித்தளைப் பெட்டியை என்னால் ஒரு கையால் தூக்க முடியாது. சட்டையில் முதலில் கழுத்து. நுனியிலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் முனையில் சுருக்கம் விழுந்துவிடும். கப்பலில் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்பு போ டையும் போட்ட என் படம் ஒன்றை வீட்டுக்கு அனுப்பினேன். விடுப்பில் வந்தபோது அப்பா அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கழுத்துல கஞ்சி கூடிப்போச்சு. அறுக்குமேடா?" என்றார். அறுத்தது உண்மைதான்.

கப்பலில் உடை விதி எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏழு இரவுப் பயணம் என்றால் பெரும்பாலும் இரண்டு இரவு 'ஃபார்மல் நைட்'. ஆண்களுக்கு டின்னர் ஜாக்கெட் அல்லது கறுப்பு சூட், பெண்களுக்கு நீள உடை. மற்ற இரவுகளில் காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு போதும். இன்று இரவு எந்த உடை என்பதை, முந்தின நாளே கேபினில் வைக்கிற தினத்தாளில் அச்சடித்திருப்பார்கள். முதல் இரவு ஒருபோதும் ஃபார்மல் இராது. பெட்டி கேபினுக்கு வந்து சேர்ந்திருக்காது, வந்திருந்தாலும் கோட்டு கசங்கிக் கிடக்கும். கடைசி இரவும் அப்படித்தான். அன்று பெட்டியைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். பழைய கடல் கடக்கும் கப்பல்களின் காலத்திலிருந்தே இந்த வழக்கம் உண்டு. கப்பல் கரையில் நிற்காமல் நாள் முழுக்கக் கடலில் ஓடும் நாளாகப் பார்த்துத்தான் ஃபார்மல் நைட் வைப்பார்கள். ஊர் சுற்றிக் களைத்து வந்தவரிடம் டை கட்டச் சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் பெரிய இறால், அன்றைக்குத்தான் கேப்டனின் வரவேற்பு, மாடிப்படிக்குக் கீழே திரை கட்டிப் படமெடுப்பவர்கள் நிற்பார்கள்.

கேபினில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ளப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதி இல்லை. தீப்பிடிக்கும் பயம். சில கப்பல்களில் பயணிகளுக்கென்று ஒரு சலவை அறை இருக்கும். ஃபார்மல் நைட் அன்று பகலில் அங்கே இருக்கிற இரண்டு மூன்று பெட்டிகளுக்குப் பத்துப் பதினைந்து பேர் காத்துநிற்பார்கள். வாக்குவாதம்கூட வரும். ஓய்வு நேரத்தில் அந்தப் பக்கம் போனால் எனக்குக் கை துறுதுறுக்கும். எத்தனையோ பேர் கழுத்தை நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

இந்த விதிகள் எல்லாம் வானத்திலிருந்து இறங்கியவை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவர்களுக்கு டின்னர் ஜாக்கெட்டின் கதையைச் சொல்வேன். 1865இல், பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய இளவரசருக்கு லண்டனில் ஹென்றி பூல் தையற்கடை வால் இல்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்தது. நாட்டுப்புற மாளிகையில் நெருங்கியவர்களோடு சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடப் போட்டுக்கொள்வதற்கு. இருபது ஆண்டுகளில் அது அமெரிக்காவுக்குப் போனது. 1886 வாக்கில் நியூயார்க் பக்கம் டக்சீடோ பார்க் என்ற இடத்தில் பரவியதால் அந்த ஊரின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்று நாம் முழு உடை என்கிறோமே, அது பிறந்தபோது சாதாரண உடை. வால் கோட்டோடு வளர்ந்த பெரியவர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்திருப்பார்கள்.

இடுப்பில் கட்டும் அகலப் பட்டையைக் கமர்பந்து என்பார்கள். பாரசீகச் சொல். கமர் என்றால் இடுப்பு, பந்து என்றால் கட்டு. நம்மூர் வெயிலில் வெயிஸ்ட்கோட்டு போட முடியாமல் தவித்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள், இங்கே இடுப்பில் கச்சை கட்டியிருந்தவர்களைப் பார்த்து எடுத்துக்கொண்டது. குளிர்சாதனம் இல்லாத கப்பல்கள் செங்கடலைத் தாண்டும்போது கோட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டையும் கமர்பந்துமாகவே உணவுக்கு வரலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதற்குச் 'செங்கடல் உடை' என்றே பெயர். வெயில் அடித்தால் விதி இளகியிருக்கிறது. இளகியபோதும் இடுப்புக் கட்டை விடவில்லை. அந்த ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

என் காலத்திலேயே எல்லாம் மாறத் தொடங்கிவிட்டது. 2000இல் நார்வீஜியன் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' என்று அறிவித்தது. குறிப்பிட்ட நேரம் இல்லை, குறிப்பிட்ட மேசை இல்லை, கட்டாய ஃபார்மல் நைட்டும் இல்லை. அதுவரை பயணம் முழுவதும் ஒரே மேசை, ஒரே வெயிட்டர், எதிரில் அதே முகங்கள். தெரிந்த முகங்களுக்காக உடுத்தியவர்கள், மேசை மாறத் தொடங்கியதும் யாருக்காக உடுத்த வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். விமான நிறுவனங்கள் பெட்டிக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கியதும், ஒரு இரவுக்காகக் கோட்டும் ஷூவும் சுமக்கப் பலருக்கு மனம் வரவில்லை. கூனார்டு போன்ற சில நிறுவனங்கள் இன்னும் ஆறு மணிக்குமேல் ஒழுங்கான உடை என்பதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடுத்த விரும்பாதவர்களுக்கென்று தனி உணவிடங்களையும் வைத்திருக்கின்றன. அது நியாயமான ஏற்பாடு.

நான் விதியின் பக்கம் நிற்கிறவன். இதை ஒளிக்க வேண்டியதில்லை. நீச்சல் குளத்திலிருந்து எழுந்த ஈர உடுப்போடு உட்கார்ந்தால் நாற்காலித் துணி நனையும், வெயிலுக்குப் பூசிய எண்ணெய் அதில் ஏறிவிட்டால் போகாது, அடுத்த வேளை அதில் உட்காருகிறவரின் பட்டு பாழாகும். வெறுங்காலோடு வருகிறவரைக் கட்டாயம் நிறுத்துவேன். கண்ணாடிக் கோப்பை உடையாத இரவு கிடையாது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காரணங்கள். தெரியாத காரணம் ஒன்று உண்டு. வாழ்நாளில் ஒரே ஒருமுறை கப்பலேறுகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் இருப்பார்கள். நாற்பதாவது திருமண நாளுக்குப் பிள்ளைகள் காசு சேர்த்து அனுப்பியவர்கள், கணவர் இருந்தபோது வாங்கிய நீல கவுனைக் கடைசியாக ஒருமுறை உடுத்த வந்தவர்கள். அந்த அம்மா உணவறைக்குள் நுழையும்போது அறை அவருக்கு ஈடுகொடுக்க வேண்டும். பக்கத்து மேசையில் கையில்லாத பனியனும் தொப்பியுமாக ஒருவர் இருந்தால், அவர் செய்த பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த அம்மாவின் இரவு கொஞ்சம் சிறுத்துப்போகும். அப்படிச் சிறுத்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி நம்பியவனாகத்தான் ஒருநாள் பெரிய தவறு செய்தேன். 2007 என்று நினைவு, கரீபியன் கடலில். சாதாரண இரவு. எழுபதைத் தாண்டிய ஒருவர் மனைவியோடு வந்தார். மேலே தேய்த்த சட்டை, கோட்டுகூட இருந்தது. கீழே முழங்கால்வரை தொங்கும் அரைக்கால் சட்டை. நான் குரலைத் தாழ்த்தி, சிரித்த முகத்தோடு, விதியைச் சொன்னேன். மேல் தளத்தில் பஃபே திறந்திருக்கிறது என்றும் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் திரும்பிவிட்டார். மனைவி மட்டும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். இரவு பதினொன்றுக்கு ஊழியர் சாப்பாட்டறையில் அவர்களுடைய கேபின் பையன் சொன்னான். அந்த மனிதருக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத புண். கட்டு போட்டிருக்கிறார். முழுக்கால் சட்டை அதன்மேல் ஏறாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கேபினுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் மரியாதையாகத்தான் பேசினீர்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது என் காலைப் பற்றி எப்படிச் சொல்வேன்?" என்றார். ஹெட் வெயிட்டரிடம் பேசி, பக்கவாட்டுக் கதவுக்கு அருகில் இரண்டு பேர் மேசை ஒன்றை ஒதுக்கினேன். நீளமான விரிப்பு போடச் சொன்னேன். மிச்சமிருந்த இரவுகளில் இருவரும் அங்கே சாப்பிட்டார்கள். ஃபார்மல் நைட்டில் அவர் போ டை கட்டி வந்தார்.

அதற்குப் பிறகு வரிசையில் வைத்து யாரையும் நான் நிறுத்தியதில்லை. மேசையை விட்டு வெளியே வந்து, அவரோடு கூடவே இரண்டடி நடப்பேன். முதலில் நலம் விசாரிப்பேன். உடையைப் பற்றி நான் வாயைத் திறக்கும் முன்னால் அவராகச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்ல இடம் கொடுப்பேன். பாதிப் பேர் தாங்களாகவே, "மேலே போய் மாற்றிக்கொண்டு வருகிறேன்" என்பார்கள். பெட்டி தொலைந்தவர்கள் அப்போதுதான் அதைச் சொல்வார்கள். ஒருமுறை விமானத்தில் பெட்டியைத் தவறவிட்ட இளைஞர் ஒருவர் மூன்று நாளாக ஒரே சட்டையோடு இருந்தார். அதைக் கீழே எங்கள் சலவைக்கு எடுத்துப்போய் நானே தேய்த்துக் கொடுத்தேன். இரவல் கோட்டில் நாற்பத்திரண்டு அளவு அவருக்குச் சரியாகச் சேர்ந்தது.

வேட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நடந்த ஒரு விழாவுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் பெரிய பேச்சானது. அடுத்த மாதமே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், உரிமமும் ரத்தாகலாம். மத்தியதரைக் கடலில் கப்பலில் இருந்தபோது இந்தச் செய்தியைப் படித்தேன். வாசலில் நிற்கிறவன் நான். அந்தக் கிளப் வாசலில் நின்ற ஊழியரையும் நினைத்துக்கொண்டேன். விதியை எழுதியவர் யாரோ, அதை வாயால் சொல்ல வேண்டியவர் அவர்.

சில வாரங்கள்கூட ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் எங்கள் கப்பலில் ஏறியிருந்தது. ஃபார்மல் நைட். பேரன்கள் இருவரும் டின்னர் ஜாக்கெட்டில், மருமகள் காஞ்சிபுரம் பட்டில், தாத்தா மட்டும் சரிகைக் கரை எட்டு முழ வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். என்னோடு வாசலில் நின்ற பையன் வேறு நாட்டுக்காரன், புதியவன். இது ஏதோ இடுப்புத் துண்டு என்று நினைத்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, நீங்க தமிழா? உள்ள விடலேன்னா பரவால்ல. நான் ரூமுக்குப் போயிடறேன். புள்ளைங்க சாப்பிடட்டும்."

"ஐயா, இந்த அறையில இன்னிக்கு உங்கள மாதிரி ஒழுங்கா உடுத்தினவங்க பத்துப் பேர் இருக்க மாட்டாங்க. வாங்க."

உபசாரத்துக்குச் சொன்ன வார்த்தை இல்லை அது. வேட்டியில் மடிப்பு கத்திபோல நின்றது, கரை தரையைத் தொடாமல் பாதத்துக்கு மேலே சரியாக விழுந்திருந்தது. வெளுத்துத் தேய்த்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. அதே அறையில் வாடகைக்கு எடுத்த, தோள் தொங்கிய, பின்பக்கம் கசங்கிய டின்னர் ஜாக்கெட்டுகள் இருந்தன. எங்கள் விதித்தாளின் கடைசி வரியில், தேசிய உடையும் ஏற்கப்படும் என்று இருந்தது. கூனார்டு உள்படப் பெரிய நிறுவனங்கள் பலவற்றிலும் அப்படித்தான். அந்த வரியைப் புதிய பையனுக்குக் காட்டினேன்.

அந்தக் 'கடைசி வரி' என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வெள்ளைக்காரப் பயணிகள் நிறைந்த கப்பலில் அது கடைசியில் இருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் 2021இலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் மும்பையிலிருந்து கொச்சிக்கும் லட்சத்தீவுக்கும் நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் வில்லிங்டன் தீவில் சாகரிகா முனையமும் திறந்தாயிற்று. இனி இந்தியத் துறைமுகத்தில் ஏறி, இந்தியத் துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு யாராவது உடை விதி எழுதினால் வேட்டியும் முண்டும் புடவையும் சல்வாரும் பந்த்கலாவும் முதல் வரியில் வரவேண்டும். சூட் அதற்கு அடுத்து வரட்டும்.

உடை விதி நமக்குப் புதிதும் இல்லை. குருவாயூர் கோயிலில் ஆண்கள் பேண்ட் போட்டு உட்சுற்றான நாலம்பலத்துக்குள் போக முடியாது. முண்டு உடுத்தி, சட்டையைக் கழற்ற வேண்டும். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி யூதக் கோயிலில் செருப்பை வெளியே விட வேண்டும், அரைக்கால் சட்டையும் கையில்லாத சட்டையும் ஆகாது. இரவு உணவுக்கு ஷார்ட்ஸ் ஏன் கூடாது என்று என்னோடு வழக்காடிய பயணிகளே, கொச்சியில் கப்பல் நின்ற நாளில் அந்த வாசலில் மறுபேச்சில்லாமல் மேல்துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஏன் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. உணவறையில் அதைப் புரியவைப்பது எங்கள் வேலை.

எங்கள் தெருவில் ஆண்கள் முண்டை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டித்தான் நடப்பார்கள். வெயில், சேறு, வேலை. எதிரே மூத்தவர் ஒருவர் வந்தால் நடையை நிறுத்தாமலே மடிப்பை அவிழ்த்து விடுவார்கள். துணி பாதம்வரை இறங்கும். அவர் கடந்து போனதும் மறுபடி ஏறும். ஒரே துணிதான் சாதாரண உடையும் முழு உடையும். இறக்கிவிட ஒரு நொடி போதும். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு உடை விதி என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கும்போது இதைத்தான் முதலில் செய்து காட்டுகிறேன். எழுந்து நின்று, கட்டியிருக்கிற முண்டை மடித்து, பிறகு அவிழ்த்து விடுவேன். ஜீன்ஸைப் பற்றிக் கேட்பார்கள். கிழிசல் இல்லாமல், சுத்தமாக இருந்தால் சாதாரண இரவில் விடலாம் என்பேன். ஷார்ட்ஸ் என்றால் கூட இரண்டடி நடந்து பேசு என்பேன்.

போன மாதம் அந்தப் பிள்ளைகளில் நான்கு பேரை வெளிப் பகுதிக்குக் கூட்டிப்போனேன். இப்போது தோபிகானாவில் தொட்டிகள் பல காலியாகக் கிடக்கின்றன. எங்கள் சொந்தத்தில் ஒரு சித்தப்பா, எண்பதை நெருங்குகிறார், இன்னும் சிரட்டைக்கரிப் பெட்டி வைத்துத் தேய்க்கிறார். அதற்கு அடுத்த வாரம் தன் முதல் காண்ட்ராக்டுக்குக் கிளம்பவிருந்த பையன் புது வெள்ளைச் சட்டையை அவரிடம் நீட்டினான். சித்தப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையில் தண்ணீர் அள்ளித் தெளித்தார். சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஊறட்டும் என்றார். அரை மணி நேரம் நாங்கள் காத்திருந்தோம். பிறகு பெட்டியின் அடியை ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுத்து, கழுத்தை விரித்து, நுனியிலிருந்து தொடங்கினார்.